அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட நடந்த கதை

கண்ணுங்களா, நேற்று சாயங்காலம் சின்னவள் கதை படித்தபோது அப்பாவின் முகம் ஏன் மாறியது என்று கேட்டீர்கள். எழுத்துப் பிசகாமல்தான் படித்தாள். "கதை என்ன சாமி?" என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு முதல் வரியிலிருந்து அப்படியே ஒப்பித்தாள். பெரியவன் கைதட்டினான். எனக்குக் கைதட்ட வரவில்லை.

புதுப் புத்தகத்தின் மை வாசம் வந்தாலே எனக்குத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பின் எண்ணெய் வாசமும் கூடவே வந்துவிடும். மூக்கு அப்படிப் பழகிப்போனது. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் நான் சேர்ந்த முதல் கம்பெனி அது. தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே இருக்காதல்லவா, அதற்குத்தான் இரண்டு.

காலை ஷிப்டுக்கு முன்னால் அங்கே ஒரு வழக்கம். எங்கேயாவது நடந்த விபத்தைச் சின்னக் கதையாக எழுதி சூப்பர்வைசர் கொண்டுவருவார். ஒருவர் அதைப் படித்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவருக்கு மிஷின் கிடையாது, லோடு தூக்கப் போக வேண்டியதுதான்.

பேரிகை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முனியப்பாண்ணனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றும் வாயோடு சரி. எழுத்து அப்போதுதான் கூட்டிக் கூட்டி வந்துகொண்டிருந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ப்ளஸ் டூவில் இரண்டு பாடம் கோட்டை விட்டவன்தான் அந்த ஷெட்டுக்கு வாத்தியார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் தாளை முன்கூட்டியே வாங்கிவந்து, சாப்பாட்டு நேரத்தில் வரி வரியாகப் படிக்கவைப்பேன்.

அவர் முறை வந்த காலையில், "அண்ணா, சாமி கும்பிட்டுக்கினு வந்தியா?" என்று பசங்கள் கிண்டல் செய்தார்கள். அண்ணன் படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒருவன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பட்டனில் குச்சியைச் செருகி அமுக்கிவைத்தான். அதனால் ஒரு கை சும்மா கிடைத்தது. அந்தக் கை உள்ளே போன நேரம் அச்சு இறங்கிவிட்டது. ஒரு சொல்கூட விடவில்லை. சூப்பர்வைசர் தலையாட்டினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

டீ வந்துபோன பிறகு அவர் மிஷின் பக்கம் திரும்பினேன். என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் வலது கை பட்டனில். இடது கை தகட்டோடு அச்சுக்குக் கீழே. இடது பட்டனில் ஒரு வேப்பங்குச்சி.

கத்தலாமென்றால், திடுக்கிட்டு வலது கை அழுத்திவிட்டால்? மூச்சை அடக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். அந்தக் கொஞ்ச தூரம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும். சிவப்புப் பட்டனை அடித்தேன். மிஷின் நின்றது.

"ஏன்டா தம்பி நிறுத்தன? நல்லா ஓடிக்கினு இருந்துச்சே!"

"அண்ணா, காலைல சொன்ன கதையில அவன் என்னா பண்ணான்?"

"குச்சி செருகனான்."

"அப்ப இது என்னா?"

குச்சியைப் பார்த்தார். "அது அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட நடந்ததுப்பா. கர்நாடகா. தாள்லயே போட்டிருக்குது."

சிரிக்காதீர்கள். நான் குச்சியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவரை ஒப்பிக்க விடவில்லை. யாரு, எதுக்கு ஆசைப்பட்டான், என்ன செஞ்சான், என்ன ஆச்சு என்று கேட்பேன். தெலுங்கில் சொன்னாலும் சரி, தாளில் இருக்கும் வார்த்தை வரக்கூடாது. கடைசியில், "இப்ப அவன் பேருக்குப் பதிலா உன் பேரைப் போட்டுச் சொல்லுண்ணா" என்பேன். முதல்முறை "முனியப்பா குச்சி செருகனான்" என்றவர் மேலே போகவில்லை. இடது கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாம்டா. புரிஞ்சிபோச்சு."

பிற்பாடு வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிவிட்டுத்தான் போனார்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. காலையில் கூடி நிற்கிற வழக்கமும் போய்விட்டது. இப்போதிருக்கும் கம்பெனியில் விபத்தெல்லாம் போனில் வீடியோவாக வருகிறது. கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். "என்ன ஆச்சு, சொல்லு" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

இன்று காலை வந்த வீடியோவில், ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைத் துணியால் துடைக்கப் போனான் ஒருவன். நானும் கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மனசு கேட்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனியாகப் போய், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவன் இடத்தில் என் பெயரை வைத்து, கடைசிவரை வாய்விட்டுச் சொல்லி முடித்தேன்.