எந்தப் பதினெட்டாம் கல்

துவாக்குடி நெடுஞ்சாலையில் எங்கள் பட்டறைக்குக் கதவு எண் கிடையாது. விலாசம் கேட்டால் பதினெட்டாம் கல் என்போம். திருச்சியிலிருந்து கிலோமீட்டர் காட்டச் சாலையோரம் நட்ட கல்தான் விலாசம். இணைய வரைபடத்தில் வீட்டு எண் போட இடமுண்டு, இதற்கு இல்லை. கல்லின் எண்ணைப் பதியத் தனிக் குறிச்சொல் வேண்டும் என்று, அந்த வரைபடத்தைச் சேர்ந்து வரையும் தன்னார்வலர் குழுவில் எழுதினேன்.

அதற்கு என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். 'கல் எண்' என்றேன். கல் என்றால் மைலா கிலோமீட்டரா என்றார் ஒருவர். 'தூரக்குறி' என்றார் இன்னொருவர். வீட்டு எண் என்றே போட்டுவிடலாமே என்றார், திருச்சி நகருக்குள் மன்னார்புரத்தில் கதவு எண்ணோடு சுகமாக இருப்பவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக 'கல் எண்' தேறியது. பட்டறைக்குப் பதினெட்டு என்று பதிந்துவிட்டு, அதே விலாசத்துக்கு ஒரு மோட்டார் வரவழைத்தேன். கூரியரில் வழக்கமாக வருபவர் லீவு. புதியவர் போன் செய்தார்.

"சார், பதினெட்டாம் கல்லுகிட்டதான் நிக்கிறேன். இங்க வெறும் வயல்தாங்க இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாலையை அகலப்படுத்தியபோதே எங்கள் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். புதுக் கற்களின் கணக்கு வேறு ஊரிலிருந்து தொடங்குகிறது; அவர் நிற்பது அந்தக் கணக்கின் பதினெட்டில். ஊர் வாயில் மட்டும் நாங்கள் இன்னும் பதினெட்டாம் கல். கல்லின் பெயருக்கு அத்தனை சண்டை போட்டோமே, எந்தக் கல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"துவாக்குடிப் பக்கம் வாங்க, டயர் கடைக்கு எதிர்லதான் பட்டறை" என்றேன்.

"அதையே விலாசத்துல போட்டிருக்கலாமேங்க."

டயர் கடைக்கு ஒரு குறிச்சொல் கேட்டு மறுபடியும் அந்தக் குழுவுக்குப் போக எனக்குத் தெம்பில்லை.