இரண்டு விரல் இடம்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரியும் என்று அம்மா எங்கள் கல்மண்டபம் ஏரியா முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் கட்டிலருகே இருக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கும் அதில் பெருமைதான்.

குடலில் ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள் நைனாவுக்கு ஜன்னி கண்டது. கட்டுமரத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, "வலைய இஸ்துப் புடிடா சோமாறி, மீனு ஓடுது!" என்று கத்தியபடி வயிற்றுக் கட்டைப் பிய்த்தார். இரண்டு தையல் பிரிந்துவிட்டது. இன்னொரு முறை பிரிந்தால் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர்.

நர்ஸம்மா நைனாவின் மணிக்கட்டுகளில் பஞ்சு சுற்றி, மேலே துணிப்பட்டை போட்டு, கட்டில் கம்பியோடு கட்டினார். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார்.

"மாட்டையா கட்ற? அவுத்து வுடும்மா, பாவம் அந்த மன்சன்," என்று அம்மா அழுதாள்.

"உங்க பொண்ணு படிச்சவதானே, அவளைக் கேளுங்க. கட்டலைன்னா பிழைக்க மாட்டார்."

நர்ஸம்மா போட்ட முடிச்சை நைனா அரைமணி நேரத்தில் அவிழ்த்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கயிற்றோடு பழகிய விரல்கள். நர்ஸம்மா மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்ந்தது. மூன்றாம் முறை வலது கை விடுபட்டபோது நர்ஸம்மா அடுத்த வார்டில் இருந்தார். கை நேராகத் தையலுக்குப் போயிற்று. நான் பாய்ந்து பிடித்தேன்.

"அந்தம்மாக்கு முடிச்சே போடத் தெர்ல," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நானே கட்டினேன். கட்டுமரத்தின் கட்டைகளைப் பிணைக்க நைனா போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். பஞ்சு கீழே விழுந்து கிடந்தது. எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. நைனா இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. போர்வையை இழுத்து மூடினேன்.

"கயிற தளத்துடா... டேய், கயிற தளத்து," என்று முனக ஆரம்பித்தார்.

"இன்னும் கடல்லதான் கீறாரு உங்க நைனா," என்றாள் அம்மா. இருவரும் சிரித்தோம். நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். அவர் குரல் ஓயும்வரை படித்தேன்.

பொழுது சாயும்போது நர்ஸம்மா வந்து போர்வையை விலக்கினார். வலது கை வீங்கி நாவல்பழ நிறத்தில் இருந்தது. முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினார்.

"யார் கட்டினது?"

"நான்."

அவர் திட்டவில்லை. "எதுக்கு ரெண்டு விரல் விட்டுப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்று மட்டும் சொன்னார்.

நைனா பிழைத்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. அதன்பிறகு அவர் கட்டுமரம் ஏறவில்லை. கரையில் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம், "எம் பொண்ணு போட்ட முடிச்சு, நர்சம்மாவாலயே அவுக்க முடில, தெர்மா?" என்று சிரிப்பார்.

காலையில் அவருக்கு முண்டாசு கட்டிவிடுவது நான்தான்.

"இன்னும் இறுக்கிக் கட்டு கண்ணு, காத்துல பறந்துக்கினு பூடும்," என்பார்.

என்னால் இறுக்க முடிவதில்லை.