டிராக்டர் நிழலில் தைப்பவர்

ஊசியை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு நூல் கோக்கிறார் குழந்தைவேல். நூல் காதுக்குள் போகாமல் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. திட்டவில்லை. நுனியை எச்சில் தொட்டுத் திரித்து மறுபடி முயல்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் பார்த்தால் தங்கள் கண்ணையே நம்ப மாட்டார்கள். டீ ஆறிப்போயிருந்ததற்காக டம்ளரைத் தூக்கி எறிந்த மனிதர் இவர்.

எறையூர் சர்க்கரை ஆலையில் அரவைக் காலம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரப் புளியமரங்களுக்குக் கீழே வரிசையாக நிற்கின்றன. முறை வர அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும். டிரைவர்கள் டிரெய்லர் பெட்டிக்கு அடியில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டித் தூங்குகிறார்கள், சீட்டாடுகிறார்கள். குழந்தைவேல் மட்டும் பின்சக்கரத்தின் நிழலில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெட்டுத்துணிகளை ஒன்றோடொன்று சேர்க்கிறார். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள், முறுக்கு மீசை. அந்தத் தடித்த விரல்களுக்கு நடுவே ஊசி இருப்பதே தெரியாது.

"என்ன மாமா, சட்டையா, பையா?" என்று அடுத்த டிராக்டர் அன்பழகன் தினமும் கேட்கிறான்.

"தெரியலப்பா. அது எங்க போவுதோ அங்க போவட்டும்."

துணியெல்லாம் அவர் மனைவி ஜானகியுடையது. ஜானகி ஊருக்கே ஜாக்கெட் தைப்பவர். மிஞ்சிய துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி மிஷினுக்கு அடியில் போட்டிருந்தார். போன ஆவணியில், பாடாலூரில் ஜானகியின் அண்ணன் பஞ்சநாதன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் ரசம் வருவதற்கு முன்னால் மோர் வந்துவிட்டது. இதற்காக யாராவது மச்சானின் சட்டையைப் பிடிப்பார்களா? இவர் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, கன்னத்தில் ஒன்று வைத்தார். ஜானகி அழவில்லை, கத்தவும் இல்லை. "உங்க கோவத்தோட என்னால குடும்பம் நடத்த முடியாது. அது போனப்புறம் போன் பண்ணுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அவர் மாதக்கணக்காகப் போன் பண்ணவில்லை. வீம்பு என்று ஊர் சொல்கிறது. பாவம், வீம்பில்லை. கோபம் போய்விட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. ஜானகியிடம் பொய் சொல்லவும் அவருக்கு வராது.

அந்தச் சண்டையில் அறுந்த தன் சட்டைப் பொத்தானைத் தைக்கத்தான் முதல்முதலாக மூட்டையை அவிழ்த்து ஊசி தேடினார். பொத்தான் கோணலாக உட்கார்ந்தது. ஆனால் அதைத் தைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க மச்சான் ஞாபகமே வரவில்லை என்பது தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அதிசயமாக இருந்தது அவருக்கு. உடனே இரண்டு துண்டுகளை எடுத்துச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை, தானாகவே கண்டுபிடித்த சட்டங்கள் சில வைத்திருக்கிறார். "மொழத்துக்கு மேல நூலு எடுக்கக் கூடாது, சிக்கிக்கும். ஊசி உள்ள போறப்ப மூச்ச வுடணும். தையலு கோணலாப் போனா போவட்டும், அதையும் நாமதான தச்சோம்." ஆலைப் பக்கமிருந்து பாகு காயும் வாசனை வருகிறது. கரிந்த சக்கைத் துகள் ஒன்று மிதந்து மிதந்து வந்து துணிமேல் உட்காருகிறது. அதை ஊதிவிட்டு அடுத்த தையலுக்குப் போகிறார். பள்ளிக்கூடச் சீருடையின் நீலம், யாரோ கல்யாணப் பெண்ணின் அரக்கு, டீச்சரம்மாவின் பூப்போட்ட வாயில் துணி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஜானகியின் சொந்த ஜாக்கெட்டில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள். மெல்லிசுத் துணி. அதன்மேல் ஊசி போகும்போது மட்டும் கை இன்னும் மெதுவாகும். வெயில் இலைகளின் ஊடாக மடியில் ஆடும். எது வெயில், எது துணி என்று அவருக்கே சில நேரம் குழம்பிவிடும்.

அப்படிக் குழம்பிக் கிடந்த ஒரு பிற்பகலில்தான் வரிசை நகர்ந்தது. அவர் கவனிக்கவில்லை. முன்னால் விழுந்த இடைவெளியில் வீரமணி என்கிற டிரைவர் தன் வண்டியைச் செருகிவிட்டான். இன்ஜின் சத்தத்தில் நிமிர்ந்தவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "டேய்ய்!" என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். தூளிகளில் இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டினார்கள்.

எழுந்தவரோடு துணியும் எழுந்தது. தொடையையே மேசையாக வைத்துத் தைத்ததில், ஒரு வரிசை முழுக்கக் கைலியையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். முழங்காலுக்கு மேல் தோரணம் போல் அது தொங்கியது. முதலில் சிரித்தது அன்பழகன். பிறகு வரிசையே சிரித்தது. குழந்தைவேல் துணியைப் பிடுங்கி எறியக் கொத்தாகப் பற்றினார். பற்றிய இடம் மஞ்சள்.

அப்படியே நின்றார். பிறகு மெதுவாகச் சாக்கில் உட்கார்ந்தார். தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார்; நூல் அசையவில்லை, துணிதான் இழைவிட்டது. வீரமணி இறங்கி வந்து, "அண்ணே, வண்டியப் பின்னால எடுத்துடறேண்ணே" என்றது அவர் காதில் விழவே இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க."

"ஜானகி, தச்ச துணிய கிழியாமப் பிரிக்கறது எப்புடி?"

"யாரு தச்சது?"

"நாந்தான். உன் துண்டுத்துணிங்கள எடுத்து. கைலியோட சேந்துடுச்சு. எந்திரிக்கறப்பதான் பாத்தேன்."

"எதுக்கு எந்திரிச்சீங்க?"

"வீரமணிய அடிக்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அடிச்சீங்களா?"

"இல்ல. இழுத்தா உன் மஞ்சத் துணி கிழிஞ்சிடும்னு உக்காந்துட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"கை வைக்காதீங்க," என்றார் ஜானகி. "காலைல மொத பஸ்ஸுல வரேன். நானே பிரிக்கறேன்."

வரிசை மறுபடி நகர்ந்தது. "மாமா, பிளேடு இருக்கு, அறுத்துடலாமா?" என்று அன்பழகன் ஓடி வந்தான். குழந்தைவேல் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். துணியையும் கைலியையும் சேர்த்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல் இடது கையில் அள்ளிக்கொண்டு, ஒரு தையலும் விட்டுப்போகாதபடி பார்த்துப் பார்த்து டிராக்டரில் ஏறினார்.