உடையப்பனின் மார்பு

மலாயாவில், தாப்பா பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பரைத் தகடாக உருட்டும் மிசினைக் கையால் சுற்றுகிறவன் உடையப்பன். சுற்றிச் சுற்றி மார்பு பலகையாகிவிட்டது. அந்த மார்பால் அவன் பட்ட அசிங்கம் கொஞ்சநஞ்சமல்ல. மாதமொரு தடவை வருகிற டாக்டர் துரை, விருந்தாளிகளையும் கூட்டிவந்து, அவனைச் சட்டையில்லாமல் வெயிலில் நிறுத்துவார். கரித்துண்டால் மார்பில் கோடு கிழித்துக்கொண்டே இங்கிலீஷில் பேசுவார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொல்லி இளிப்பான்.

"இந்தச் சதை காறையெலும்புலயும் நெஞ்செலும்புலயும் விசிறி மாதிரி கிளம்பி, மேல்கை எலும்புல போய் ஒட்டுதாம். கையை மாரோட இழுக்கிறது இதுதானாம்லா. கும்பிடுறா, பாக்கட்டும்!"

உடையப்பன் உள்ளங்கைகளை அழுத்திக் கும்பிடுவான். சதை திரண்டு எழும். வெள்ளைக்காரி ஒருத்தி கையுறை விரலால் குத்திப் பார்ப்பாள். சீ! சந்தை மாட்டைக்கூட இப்படி நோண்டமாட்டார்கள். வீட்டில் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். அன்றைக்குச் சோறு இறங்காது. அவன் மனைவி ராக்காயி, "அவன் கையில புழு வைக்க!" என்று மண்ணை வாரித் தூற்றுவாள்.

ஒருநாள் தடித்த ரப்பர் சிக்கி, மிசின் கைப்பிடி வெடுக்கென்று எதிர்ப்பக்கம் சுழன்றது. இடது அக்குளோரம் உள்ளே என்னவோ துணி கிழிகிற மாதிரி அறுந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே கன்றியது கறுத்த உடம்பில் தெரியவில்லை.

"ரத்தம் எங்கடா? வேலைக் கள்ளன்! நாளைக்கும் நீதான் மிசின் சுத்தணும்" என்றான் கிராணி.

இன்னொரு நாள் சுற்றினால் கையே போய்விடும். "நாளைக்கு டாக்டர் ஐயா வாராரு புள்ள. அவருக்குத் தெரியாத சதையா? பாத்துச் சொல்லிடுவாரு" என்று ராக்காயியிடம் சொன்னான். பாவி, கரிக்கோட்டை நம்பினான்.

துரை வந்தார். உடையப்பன் கும்பிடப் போனான். வலது கை வந்தது, இடது கை பாதியில் நின்றது.

"ஒத்தைக் கைக் கும்பிடா? திமிரு!" கிராணி பிரம்பை ஓங்கினான். துரை தடுத்தார். உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துரை அவன் அக்குளைத் தடவினார், முகம் மலர்ந்தார், விருந்தாளிகளைக் கூப்பிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொரு விரல் விட்டுப் பார்த்தார்கள். கருமம்!

"சதை அறுந்துதான் போச்சாம். ரொம்ப அபூர்வமாம்" என்றான் கிராணி.

"மருந்து, ஐயா?"

கிராணி கேட்டுச் சொன்னான். "அதெல்லாம் இல்லையாம். இனிமே காட்டுறதுக்கு வேற மார்பு பாக்கச் சொல்றாரு."

உடையப்பன் ஓங்கரித்தான். காலையில் குடித்த கஞ்சி முழுவதும் துரையின் பூட்ஸ்மேல் வந்து விழுந்தது.

"அடப்பாவி! கும்பிட்டு மன்னிப்புக் கேளுடா!"

உடையப்பன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சதை அறுந்துபோச்சுன்னு இப்பத்தான ஐயாவே சொன்னாரு. இந்தக் கை இனிமே மிசினும் சுத்தாது, கும்பிடவும் கும்பிடாது."