மூன்றரை என்று நின்ற பக்கம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையொன்றில் பகலில் சாக்குத் தூக்கினேன், இரவில் அதே சாக்குகளின் மேல் படுத்தேன். வெள்ளவத்தையில் நான் போட்ட முதல் கடையைக் கலவரத்தில் எரித்தார்கள். சாம்பலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கச் சனம் வரிசையில் நின்ற காலத்தில், ஆறு தொலைபேசிப் பெட்டியோடு கொமியூனிகேஷன் நடத்தினேன். மூன்று மாடி வீடு கட்டினேன். என் மூன்று பெண்பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கினேன்.

இதெல்லாம் பலரும் செய்ததுதானே என்பார்கள். இருக்கட்டும். இன்றைக்கு எல்லாரும் தடவிக்கொண்டிருக்கும் பெரிய தளங்களின் பெயரே எங்கள் ஒழுங்கைகளுக்குள் வராத நாளில், வெள்ளவத்தைத் தமிழருக்கென்று கொம்பியூட்டரில் ஒரு தளம் திறந்தவன் நான். அதை வேறு யார் செய்தார்கள்? அதில் முதன்முதல் சேர்ந்த நாற்பத்திரண்டு பேரும் என்னை விட்டுப் போனார்கள். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தளத்துக்கான வேலையைச் செய்தது என் மூத்த மருமகன். என்ன வேலை என்று சொன்னது நான். அந்த நாற்பத்திரண்டு பேரையும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன். ஹெவ்லொக் டவுனில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கிருலப்பனையில் ஒரு டீச்சர், மாளிகாவத்தையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் புடவை வியாபாரி, இப்படி. அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே விபரம் எழுதி எடுத்தேன். வாடகை அறை, கல்யாணப் பேச்சு, யார் வீட்டுப் பிள்ளை பாஸ் என்பதெல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும் விட மரண அறிவித்தல். பத்திரிகையில் வர ஒரு நாளாகும், எங்களுடையதில் பத்து நிமிடம். செத்தவீட்டுக்கு நேரம் கேட்டு எவரும் எவரையும் கூப்பிடத் தேவையில்லாமல் செய்தேன். அதில் எனக்கு இருந்த பெருமை மூன்று மாடி வீட்டிலும் இல்லை.

பிறகு கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. அத்தனையையும் தாங்கியது என் கடை மேசைக்குக் கீழே இருந்த ஒரேயொரு மெசின்.

"மாமா, இது தாங்காது. வெளியில ஒரு நல்ல சேர்வர் வாடகைக்கு எடுப்பம்" என்றார் மருமகன்.

"சொந்தக் கடை வச்சிருக்கிறவன் ஏன் வாடகைக்குப் போகவேணும்?" என்றேன்.

தளம் இழுபடத் தொடங்கியது. பின்னேரங்களில் விழுந்தே கிடக்கும். வங்கிக்காரர் கடைக்கு வந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அண்ணை, பேத்தியின்ர படத்தைத் திறக்க விட்டிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடிச்சும் முடிச்சிட்டன். இன்னும் நெத்திதான் வந்திருக்கு." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானா தொலைபேசியில் சொன்னார்: "மொதலாளி, சனம் கூடிட்டு, ரோடு மட்டும் பழைய ரோடுதான்."

எனக்கு அது பொறுக்கவில்லை. தளம் விழுந்து வரும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தால் யாரோ என் கடையை மூடிவிட்ட மாதிரி இருக்கும். மருமகனைக் கூப்பிட்டு, மெசின் விழுந்தால் கடைசியாக இருந்த பக்கத்தையே வேறெங்காவது வைத்துக் காட்டச் சொன்னேன்.

"அது பழைய பக்கமெல்லோ மாமா?"

"சனத்துக்குத் தெரியவா போகுது? கதவு திறந்திருக்கவேணும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எங்கள் தளம் விழுந்ததை எவரும் காணவில்லை. பாருங்கள், படிக்காதவன் கண்டுபிடித்த வழி என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

வேல் விழா வந்த கிழமை டீச்சரின் கணவர் காலமானார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு, அஞ்சலிக்கு வைத்திருக்கும் மலர்ச்சாலையிலிருந்து உடல் எடுக்கப்படும் என்று திங்களன்றே டீச்சர் தளத்தில் போட்டார். செவ்வாய் காலையில் ஐயர் வந்து, மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம், இரண்டு மணிக்கே எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். டீச்சர் அதையும் உடனே போட்டார். ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான், விழாப் படங்கள் வந்து குவிந்து இடமில்லாமல், என் மெசின் நின்றுபோயிருந்தது. டீச்சர் போட்டது எங்கேயும் போய்ச் சேரவில்லை. உலகத்துக்குத் தெரிந்தது திங்கட்கிழமைப் பக்கம். அதில் மூன்றரை என்றே இருந்தது.

அதை நம்பிப் போனவர்களில் நானும் ஒருவன். மலர்வளையத்தோடு மூன்று மணிக்கு மலர்ச்சாலை வாசலில் இறங்கினேன். உள்ளே ஒருவன் மண்டபம் கூட்டிக்கொண்டிருந்தான். "மினிய அரகென கியா, மஹத்தயா" என்றான். உடலைக் கொண்டுபோய்விட்டார்களாம். எனக்குப் பின்னால் முப்பது பேரளவில் நின்றார்கள். அவர்களில் ஒருவர், செத்தவரோடு முப்பது வருடம் ஒரே கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்த கூட்டாளி, கொட்டாஞ்சேனையிலிருந்து கைத்தடியோடு வந்தவர். அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கனத்தை மயானத்துக்கு ஓடினேன். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஏசவில்லை. "முகத்தை ஒருக்காப் பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லதாய் இருந்திருக்கும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மெசின், படங்கள், இடம் போதாமை என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, உங்கட பக்கம் விழுந்து கிடந்திருந்தா ஆக்கள் எனக்குப் போன் எடுத்துக் கேட்டிருப்பினம். திறந்திருந்தபடியால்தானே ஒருத்தரும் எடுக்கேல்ல."

எழும்பி வந்தேன்.

அந்தக் கிழமையிலிருந்து பழையவர்கள் ஒவ்வொருவராய் வராமல் நின்றார்கள். சண்டையில்லை, கடிதமில்லை. தளத்துக்குள் வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். விடிய எழும்பியதும் அந்த நாற்பத்திரண்டு பெயர்களையும்தான் பார்ப்பேன். பதினெட்டு எரிந்தது, பிறகு ஒன்பது, பிறகு நானா ஒருவர் மட்டும். ஒருநாள் அவரும் இல்லை. நல்ல சேர்வர் அதற்குப் பிறகு எடுத்தேன். வேகமாகத்தான் ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை.

வங்கிக்காரர் கைபேசியில் ஒரு குழு தொடங்கியிருந்தார். நாற்பத்தொரு பேரை அவரே சேர்த்தார். என்னைச் சேர்க்க எட்டு மாதம் எடுத்தது. இப்போது அந்தக் குழு பெருத்து, சிறப்பு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். அச்சுக்கு முன் பிரதி ஒன்று என் கைக்கு வந்தது. 'தமிழரை இணைக்கும் இந்த எண்ணம் ஹெவ்லொக் டவுன் இல்லமொன்றில் உதித்தது' என்று, வங்கிக்காரர் வீட்டைச் சொல்லி, முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழுவின் முதல் விதியும் அதில் இருக்கிறது: மரண அறிவித்தல் வந்தால், இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போன் எடுத்து நேரம் கேட்ட பிறகே போடவேண்டும்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன். அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்தை மாற்றுங்கள். நாற்பத்திரண்டு பேரையும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவன் நான் என்று போடுங்கள். மூன்றரை என்ற பக்கத்தைத் திறந்து வைத்தவனும் நான்தான் என்று அதற்குக் கீழே போடுங்கள், நான் மறுக்கமாட்டேன். இரண்டையும் போடவேண்டும். ஒன்றையும் போடாமல் விட உங்களுக்கு உரிமையில்லை.