மின்விசிறியை நிறுத்தச் சொல்பவள்

கண்ணை மூடிக்கொண்டு அம்மா இரண்டு விரல்களை நீட்டினாள். மகள் பலகையை நிமிர்த்தி மடியில் பிடித்துக்கொண்டாள். பலகையில் பத்துத் துளைகள். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து வரை, வரிசை தெரியாதபடி அங்குமிங்குமாக வெட்டப்பட்டவை. விரல்களை நுழைத்து, அகட்டி, விளிம்பைத் தொட்டுப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும்.

"நாலு."

"சரி."

"எட்டு. இல்ல, எட்டுக்குக் கொஞ்சம் கம்மி."

"எட்டேதாம்மா. வெட்டினது நான்."

"நீ வெட்டினதுல ஒரு நூல் கூடப் போயிருக்கும், போ."

அம்மா பிரசவ வார்டின் மூத்த செவிலி. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் சொல்ல வேண்டும். மகளுக்குத் தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் கூடத்தில் வேலை. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியதிலிருந்து அம்மா வருடம் ஒருமுறை தன் கையையும் சோதிக்கக் கொடுத்துவிடுவாள். சோதனை முடிந்ததும், கருவிகளில் ஒட்டுகிற 'சரிபார்க்கப்பட்டது' சீட்டு ஒன்றை மகள் அம்மாவின் மணிக்கட்டில் ஒட்டுவாள். தண்ணீர் பட்டுப் பட்டு அது தானாக உரியும்வரை அம்மா எடுக்கமாட்டாள். "கேரண்டி கார்டு" என்று வார்டில் எல்லாருக்கும் காட்டுவாள்.

அன்று மூன்றாவது துளையில் விரல்கள் நின்றுவிட்டன.

"ஃபேனை நிறுத்து," என்றாள் அம்மா.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மகள் நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வெற்றிடம், அதற்கப்புறம் மகளின் வயிறு. நிறைமாதம். விரல்கள் வயிற்றைத் தொடவில்லை. மகள் குனிந்து அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அம்மாவின் முகம் மட்டும், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைச் சுவரோடு ஒட்டிக் கேட்பவளின் முகமாக மாறியிருந்தது. பிறகு விரல்களை எடுத்து, முந்தானையில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அஞ்சு."

ஐந்துதான். "அஞ்சுக்கு இவ்ளோ நேரமா?"

"வயசாயிடுச்சுடி. சீட்டை ஒட்டு, நான் கிளம்பணும்."

தன் வீட்டுக்குப் புறப்பட்டுப் போகும்வரை அவள் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வார்டில் அம்மாவுக்குக் காதக்கா என்று பெயர். காதையும் அக்காவையும் சேர்த்து வைத்தது ஆயா. உள்பரிசோதனை என்றால் மற்றவர்கள் விளக்கைத் திருப்புவார்கள். காதக்கா மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். கோடையிலும் அப்படித்தான். வேர்த்து வழியும் டாக்டர்கூட வாயைத் திறக்கமாட்டார்.

"விரலுக்கு எதுக்குக்கா அமைதி?" என்று ஆயா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எனக்கில்ல. அந்தப்பக்கம் ஒருத்தர் இருக்காருல்ல, அவருக்கு. நீ தூங்கும்போது ஒருத்தி கதவுல கைய விட்டா சும்மா இருப்பியா?"

"நான் கடிச்சிருப்பேன்."

"அதுக்குப் பல்லு இல்ல. அதான் நம்மளை விட்டு வைக்குது."

கடைசி மாதத்தில் முதன்முதலாகப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மேசையில் ஏறியதும் காலை இறுக்கிக்கொள்வார்கள். காதக்கா அவசரப்படமாட்டாள். முதலில் ஸ்கேனைப் பார்ப்பாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருந்தால் கையுறையையே எடுக்கமாட்டாள். இல்லையென்றால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு தன் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டுவாள். "இப்ப கர்ப்பப்பை வாய் இந்த மாதிரி கெட்டியா இருக்கும். நாள் நெருங்க நெருங்க" என்று உதட்டைத் தொடுவாள், "இப்படி மெத்துனு ஆயிடும். நீளமும் குறைஞ்சு தேஞ்சு வரும். நான் பாக்கறது அவ்ளோதான். எவ்ளோ மெத்துனு, எவ்ளோ திறப்பு, தலை எவ்ளோ இறங்கியிருக்கு."

"வலிக்குமாக்கா?"

"வலிக்காதுன்னு சொன்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். அழுத்தற மாதிரி இருக்கும். வாய் பின்பக்கமா திரும்பியிருந்தா கொஞ்சம் எட்டித் தேடணும், அப்ப கூடத் தெரியும். மூச்சை மெதுவா விட்டுகிட்டே இரு. போதும்னு சொன்னா கைய எடுத்துடுவேன். பாக்கவே வேணாம்னாலும் சரி, இப்ப பாத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. உன் உடம்பு, எங்க வார்டு ரூம் இல்ல."

எப்போது பிறக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு மட்டும் அவள் சிரிப்பாள். "அதைக் கை சொல்லாது. ரெண்டு சென்டி திறந்து வச்சுகிட்டு வாரக்கணக்கா கடைக்குப் போயிட்டு வந்தவ இருக்கா. காலையில இறுக்கி மூடியிருந்து, சாயங்காலம் பெத்தவளும் இருக்கா. வெளிய நிக்கிற உன் மாமியாருக்கு நம்பரெல்லாம் சொல்லாத. பேரன் காலேஜ் சேர்ற தேதி வரைக்கும் கணக்குப் போட்டுடுவாங்க." மேசையிலிருந்து இறங்கும்போது மறக்காமல் சொல்வாள்: "இன்னைக்கு லேசா ரத்தக்கறை படும், பயப்படாத. நெறையப் போனாலோ, தண்ணி உடைஞ்சாலோ, உள்ள அசையறது குறைஞ்சாலோ மட்டும், யார்கிட்டயும் யோசனை கேட்டுகிட்டு நிக்காம வந்துடு."

இதெல்லாம் எந்த நல்ல செவிலியும் சொல்வது. வேறொன்றும் உண்டு. எப்போதாவது, விரலை எடுத்த பின்னும் அவள் எழமாட்டாள். அளவு சரியாக இருக்கும், குழந்தையின் துடிப்பும் சரியாக இருக்கும். இருந்தும் பக்கத்திலிருக்கும் இளைய செவிலி குட்டைச் சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் சொல்வாள்: "இவளைத் தனியா விடாத." ஏன் என்று சொல்லமாட்டாள். அதன்பின் அந்தக் கட்டிலை விட்டு வார்டு கண்ணெடுக்காது. சிலருக்கு ஏதோ நடந்தது. நேரத்துக்கு ஆள் இருந்ததால் பிழைத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

"எத்தனை தடவை சரியாச்சு, எத்தனை தடவை தப்பாச்சு? ரெண்டையும் எண்ணாம இதுல அர்த்தமே இல்லம்மா," என்று மகள் ஒருமுறை வாதாடினாள்.

"எண்ணிகிட்டு உக்காந்தா யாருடி கூட இருக்கறது?"

அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. சொந்தக்காரிகளுக்குக் கை வைக்கமாட்டாள். "ஆசை வந்துட்டா விரல் பொய் சொல்லும்." மகளுக்குக் குட்டைச் சிஸ்டர்தான் பார்ப்பாள், அம்மா தலைமாட்டில் நிற்பாள் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

பலகையைத் தொட்டுப் பார்த்த மறுநாள் மதியம், வார்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். தூங்குகிறாள் என்று எண்ணி இரண்டு பேருந்துகள் போகும்வரை யாரும் தொடவில்லை. மகள் வந்தபோது மணிக்கட்டில் சீட்டு உரியாமல் இருந்தது. அடுத்த சோதனை வரும் வருடம் என்று அதில் அவளே எழுதியிருந்தாள். அம்மாவின் உதட்டைத் தொட்டாள். அது மூக்கு நுனி போல இருந்தது.

அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்தியது. அம்மா உட்கார்ந்திருந்தது தவறான நிறுத்தம். அவள் வீட்டுக்குப் போகும் பேருந்து சாலையின் மறுபக்கம் நிற்கும். இந்தப் பக்கத்துப் பேருந்து மகளின் வீட்டு வழியாகப் போவது.

அன்றிலிருந்து வயிற்றுக்குள் ஒவ்வோர் அசைவையும் மகள் மூச்சைப் பிடித்துக் கவனித்தாள். அசைந்தால் ஏன் அசைகிறது, அசையாவிட்டால் ஏன் அசையவில்லை. ஐந்து சென்டிமீட்டர் துளைக்குள் அம்மா என்ன கேட்டாள்? கேட்கவே முடியாது என்று அவளுடைய படிப்பு சொன்னது. நடுவில் காற்றுதான் இருந்தது, தொடர்பே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்தால் படிப்பு வேலை செய்யவில்லை.

குறித்த நாளில் கணவன் கூட வந்தான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள்.

குட்டைச் சிஸ்டர் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருந்தாள். ஸ்கேனைப் பார்த்தாள். வயிற்றைத் தடவித் தலை கீழே இருப்பதைக் காட்டினாள். துடிப்பைக் கேட்க வைத்தாள். குதிரை ஓடுவது போல அறை முழுக்க ஒலித்தது. பிறகு ஆயாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆயா மின்விசிறியை நிறுத்தினாள்.

"ரெண்டு கையையும் மூடி இடுப்புக்கு அடியில வச்சுக்கோம்மா. உனக்குப் பின்பக்கமா திரும்பியிருக்கு. மூச்சை விடு. விடு. இன்னும் கொஞ்சம்."

அழுத்தம். அடிவயிறு முழுதும் ஒரு பெரிய மந்தமான அழுத்தம். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை விட்டாள்.

"ரெண்டு சென்டி, அக்கா," என்றாள் குட்டைச் சிஸ்டர்.

அவள் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. தலைமாட்டைப் பார்த்துச் சொன்னாள். தான் கை வைக்கும்போதெல்லாம் பல வருடங்களாக அங்கே நின்றவளிடம் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் காத்திருந்தாள். ஆயாவும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மறுத்தது. பின்னந்தலைக்கு மேலே முடி மட்டும் லேசாக அசைவது போலிருந்தது, விசிறி ஓடவில்லை.

"சரிக்கா," என்று குட்டைச் சிஸ்டர் தலையை ஆட்டிக் கையை எடுத்தாள்.

அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா. நாள் வரும்போது வரும்."

"தனியா விடாதன்னு சொல்ற மாதிரி எதுவும் இருக்கா சிஸ்டர்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் காதக்கா இல்லையே." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு அக்கா உன்கிட்ட என்ன சொல்லக் கிளம்பினாங்கன்னு தெரியுமா?"

"என்னது?"

"டூட்டி நடுவுல எழுந்துட்டாங்க. 'எம்பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும், போன்ல சொல்ற விஷயமில்ல, நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்'னாங்க. நான் என்னக்கான்னு கேட்டேன். 'அவளுக்குத்தான் முதல்ல'ன்னுட்டாங்க."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "சிரிச்சுகிட்டே சொன்னாங்களா?"

"மாஸ்க் போட்டிருந்தாங்கம்மா."

"கண்ணு?"

"வாசப்பக்கம் திரும்பிட்டாங்க. செருப்பு மாட்டிகிட்டிருந்தாங்க." குட்டைச் சிஸ்டர் யோசித்தாள். அந்த மதியத்தை மூலைமூலையாகத் தேடுவது அவள் முகத்தில் தெரிந்தது. "பாதி டீ மிச்சம் இருந்துது. கொட்டிடாத, மூடி வை, வந்து குடிக்கிறேன்னாங்க."

"நீங்க?"

குட்டைச் சிஸ்டர் உள்ளங்கையைக் கவிழ்த்து, மேசை ஓரத்தில் இல்லாத ஒரு டம்ளரை மூடிக் காட்டினாள். காட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.