இடது ஓரத்தில் நிற்கும் பெண்

அந்தப் போட்டோ லேபில் அவளை ரப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களில் வேண்டாதவர்களை அழிப்பது அவள் வேலை. விவாகரத்தான கணவன், பேச்சு முறிந்த சம்பந்தி, கூப்பிடாமல் வந்து நடுவில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இருந்த சுவடே இருக்காது. ஆளை எடுப்பது பெரிய காரியமில்லை. ஆளுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சுவர், திரைச்சீலை, இன்னொருவரின் பாதித் தோள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஏழெட்டு ஸ்டுடியோக்களிலிருந்து படங்கள் அந்த மாடிக்கு வரும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. சீட்டில் எழுதியதைச் செய்ய வேண்டும், எழுதாததைத் தொடக் கூடாது. ஒருமுறை அவளாகவே ஓர் அம்மாளின் கன்னத்து மருவை நீக்கிவிட்டாள். மகன் மாடியேறி வந்து, "எங்கம்மா எங்கே? இது யாரு?" என்று கத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து லேப்காரருக்குச் சீட்டு வைத்ததுதான் சட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த சீட்டில் இப்படி இருந்தது: 'இடது ஓரத்தில் நிற்கும் பெண்ணை நீக்கவும். வேறு எதையும் தொடக் கூடாது. முகங்களைப் பொம்மை மாதிரி ஆக்க வேண்டாம். நாலடிக்கு மூன்றடி.'

அண்ணியின் கையெழுத்து. படத்தைத் திறந்தாள். இடது ஓரத்தில் நின்றது அவளேதான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய படம். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து இரண்டு மாதம். நாற்காலியில் உட்கார வைத்து எடுக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர், குழறும் நாக்கோடு, "நின்னுதான்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, மறுபக்க இடுப்பைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு போன்" என்று வாசலுக்குப் போன அண்ணன் திரும்பி வந்து வலது ஓரத்தில் நிற்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஆறு வருடம் அப்பாவைத் தூக்கியதும் திருப்பியதும் துடைத்ததும் அவள். அப்பா போன மறுவாரம் அண்ணன் வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். "உனக்கென்ன, ஒத்தை ஆள். எங்கேயாவது ஒரு ரூம் பாத்துக்கோ." அதோடு பேச்சு நின்றது. அவள் இந்த லேபில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"என்ன ரப்பர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் பக்கத்து மேசையில் ஆல்பம் வடிவமைக்கிறவள்.

"ஒருத்தியை எடுக்கணும்க்கா."

"எடுக்க வேண்டியதுதானே. யாரு?"

"நான்."

ஆல்பக்காரி நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தாள். பிறகு தன் திரையில் ஓர் அழைப்பிதழைத் திறந்து காட்டினாள். காலையில்தான் வந்ததாம். பள்ளிக்கூடத்தில் புது நூலக அறை, அப்பா பெயரில். படத்திறப்பு. கீழே, 'கண்ணை இமை காப்பதுபோல் தந்தையைக் காத்த தனயன்' என்று அண்ணனின் பெயர்.

"செய்யாதேடி. தூக்கி மூஞ்சியில எறி."

"செய்யத்தான் போறேன். சீட்டுல என்ன இருக்கோ அது மட்டும்."

தன் முகத்தை முதலில் எடுத்தாள். பிறகு தோள், புடவை, கால்கள். அப்பாவின் இடது இடுப்பில் தெரிந்த நான்கு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். விரல்கள் கசக்கிய சட்டை மடிப்புகளை விட்டுவிட்டாள். அவை சீட்டில் இல்லை. அவளுக்குப் பின்னால் மறைந்திருந்தது வீட்டுச் சன்னல். ஆறு வருடம் அப்பாவின் கட்டிலோரத்திலிருந்து அவள் பார்த்த சன்னல். அதன் மரச்சட்டத்தை நூல் பிடித்ததுபோல் நேராக வரைந்தாள். எந்த ஆர்டருக்கும் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. முடித்துவிட்டுப் பார்த்தாள். நேரான சட்டத்துக்குப் பக்கத்தில் அப்பா ஒரு முழுச் சாண் சாய்ந்து, ஒன்றுமில்லாத இடத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தார்.

லேப்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பெரியவர் சாய்ஞ்சிருக்காரேம்மா?"

"சீட்டுல அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே சார்."

சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாதிரி அண்ணியின் போனுக்குப் போனது. இரண்டே நிமிடத்தில் 'சூப்பர்' என்று பதில். உள்ளங்கை அளவுத் திரையில் அண்ணி தன் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்.

ஞாயிறு படத்திறப்பு. திங்கள் மதியம் அண்ணன் மாடியேறி வந்தான். ஸ்டுடியோவில் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்க, "இங்கே எடிட்டர் யாரு?" என்று ஆரம்பித்தவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"சொல்லுங்க சார்," என்றாள்.

"சாரா? நான் உன் அண்ணன்டி!"

"கஸ்டமரை சார்னுதான் கூப்பிடுவோம். படத்துல என்ன குறை?"

"என்ன குறையா? வேணும்னே பண்ணியிருக்கே. அப்பாவோட பழைய மாணவன் ஒருத்தன், தலை நரைச்சவன், அத்தனை பேருக்கு நடுவுல எந்திரிச்சு, 'ஐயாவை யாரு பிடிச்சிட்டிருந்தது, அவங்க எங்கே'ன்னு கேக்கறான். எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. உங்க அண்ணி மயக்கம் போடாத குறை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணன் பேச்சை மாற்றினான். "வெள்ளிக்கிழமை ஆண்டு மலருக்கு அந்த அறையைப் போட்டோ எடுக்க வர்றாங்க. அதுக்குள்ள அப்பாவை நேரா நிமித்து."

"நிமித்தினா கால் தரையை விட்டுத் தூக்கிக்கும் சார். யாராவது பிடிச்சாத்தான் அவர் நிப்பாரு."

"அப்ப என்னை அவர் பக்கத்துல வை. நான் பிடிக்கிற மாதிரி."

"வைக்கலாமே." எழுந்து போய் மூலையில் கிடந்த புதுப் பேப்பர் உருளையைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தினாள். அச்சு இயந்திரத்துக்கானது, ஆள் உயரம். லேபின் கேமராவை எதிரே வைத்தாள். "இதை அப்பான்னு நினைச்சு ஒரு கையால அணைச்சுப் பிடிங்க. கேமராவைப் பாருங்க. சிரிங்க."

அண்ணன் அதைத் தன் மேல் சாய்த்துப் பிடித்தான். அவள் விளக்கைத் திருப்பினாள், திரும்பவும் திருப்பினாள். "அப்பா இதுல ரெண்டு மடங்கு கனம். இன்னும் கொஞ்சம் இறுக்கி." அண்ணனின் கழுத்தில் நரம்பு புடைத்தது. வேர்வை காதோரம் இறங்கியது. ஆல்பக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துத் தொலையேன்!"

"சிரிப்பு போயிடுச்சே சார்."

உருளை நழுவித் தரையில் விழுந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு நிமிஷம். அன்னைக்கு நீங்க போன் பேசிட்டு வர்ற வரைக்கும் நாப்பது."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டான். "சரி, உன்னையே திரும்ப வச்சிடு," என்றான்.

"சீட்டு எழுதிக் கொடுங்க."

எழுதினான். 'இடது ஓரத்தில் இருந்த பெண்ணைத் திரும்ப வைக்கவும்.'

திருப்பிக் கொடுத்தாள். "எந்தப் பொண்ணு? தெளிவா எழுதணும் சார். அவ என்ன பண்ணிட்டிருந்தாள்னும் எழுதுங்க."

பேனா சீட்டின் மேல் நெடுநேரம் நின்றது. லேப்காரர் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் எழுதினான்: 'அப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் தங்கையைத் திரும்ப வைக்கவும்.' கையெழுத்தும் போட்டான்.

அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு சீட்டுக் கட்டைத் தூக்கி, அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"உங்களுக்கு முன்னாடி இருபத்திமூணு பேர் இருக்காங்க. வரிசைப்படிதான்."

"வெள்ளிக்கிழமை வர்றாங்கன்னு சொல்றேனே! நீ நினைச்சா பத்து நிமிஷ வேலை."

"பழைய படம் இங்கேயே இருக்கு சார். ஒரு நிமிஷம்கூட ஆகாது. உங்க முறை வரட்டும்."

மேலே இருந்த சீட்டை எடுத்தாள். ஏதோ குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், வாயோரம் எச்சில் துடைக்க வேண்டும். குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கி வேலையைத் தொடங்கினாள். அண்ணன் ஆறு மணி வரைக்கும் பெஞ்சிலேயே இருந்தான். இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை. மூன்று சீட்டு முடிந்திருந்தது. அவள் கணினியை அணைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து பாருங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.